மெக்னீசிய மின்கலத்தின் மறுமுனை: அடுக்குப் பொருள்களின் வரலாறும் தமிழகமும்

ஆய்வுச்சுருக்கம்

மெக்னீசியத்தைக் கொண்டு இயங்கும் மின்கலங்கள் தமிழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றன. எனினும் அவ்வாய்வு பெரும்பாலும் மெக்னீசிய உலோகமாகிய ஒரு முனையைப் பற்றியே அமைந்தது. மெக்னீசிய அயனியை ஏற்றுத் திருப்பித் தரும் மறுமுனை, அதாவது அடுக்கமைப்புடைய இருபரிமாணப் பொருள், வேறு நாடுகளில் வேறு தேவைகளால் வளர்ந்தது. இவ்விரு வரலாறுகளும் ஏன் தனித்தனியே நடந்தன என்பதையும், அடுக்குகளுக்கிடையேயான இடைவெளியைத் திருத்தும் முயற்சிகள் எந்த நிலையை எட்டியுள்ளன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மின்வேதியியல் கலைச்சொற்கள் சிலவற்றால் தமிழில் நேரும் குழப்பமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெக்னீசியம், மின்கலம், அடுக்குப் பொருள்கள், இடைச்செருகல், காரைக்குடி, சாந்தோம், கலைச்சொல்

முன்னுரை

சாந்தோம் பேராலயத்தின் பின்புறமுள்ள கரையில் நின்று ஒரு வாளியில் பத்து லிட்டர் கடல்நீரை முகந்தால், அதனுள் ஏறத்தாழ 13 கிராம் மெக்னீசியம் கரைந்திருக்கும். கடலில் கரைந்துள்ள உலோகங்களுள் சோடியத்துக்கு அடுத்த இடம் மெக்னீசியத்துக்கே உரியது. சாந்தோமைப் பற்றி எழுதியோர் திருத்தூதர் மரபையும் போர்த்துகீசியர் குடியேற்றத்தையும் விரிவாக எழுதியுள்ளனர். அக்கரையில் வந்து மோதும் நீரின் வேதியியலுக்கு எழுதப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவு. இக்கட்டுரை அங்கிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், கடல்நீரை ஊற்றினால் எரியும் 'ரோஷ்னி' என்னும் விளக்கை மத்திய புவி அறிவியல் துறை அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிமுகப்படுத்தினார். அதனை உருவாக்கியது சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். கடலோர மீனவக் குடியிருப்புகளுக்குப் பயன்படும் என்பது அறிவிப்பின் சாரம். நொச்சிக்குப்பம் முதல் சீனிவாசபுரம் வரை நீளும் சாந்தோம் கரையின் குடும்பங்களும் அக்கணக்கில் அடங்குவர். இவ்வகை விளக்குகளில் கடல்நீர் மின்பகுளியாகப் பயன்படுகிறது. பொதுவாக மெக்னீசியமோ அதன் கலப்புலோகமோ கரைந்து மின்னோட்டம் தரும் தகடாக அமையும். தகடு கரைந்து தீர்ந்ததும் விளக்கின் கதை முடிந்துவிடும். புதுத் தகடு வாங்கிப் பொருத்த வேண்டும்.

கரைந்த மெக்னீசியத்தை மீண்டும் தகட்டுக்கே திரும்ப வைக்க இயலாதா? மீளேற்ற மெக்னீசிய மின்கலம் என்னும் ஆய்வுத்துறை முழுவதும் இவ்வொரு வினாவிலிருந்து கிளைத்தது. விடை தகட்டில் இல்லை. தகட்டுக்கு எதிரே நிற்கும் மறுமுனையில் இருக்கிறது. வெளியேறிய அயனிக்குத் தற்காலிக இருப்பிடம் தரும் பொருள் ஒன்று அங்கே வேண்டும். வந்தவரை ஏற்று, கேட்கும்போது திருப்பி அனுப்பும் விருந்தோம்பல் அதற்கு வேண்டும். ஏற்க மறுப்பதும், ஏற்றபின் விட மறுப்பதும் இரண்டுமே மின்கலத்தைக் கொன்றுவிடும்.

சேலத்து வெண்குன்றுகள்

மெக்னீசியம் தமிழகத்துக்குப் புதிதன்று. சேலம் நகருக்கு வடக்கே ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்ட குன்றுகள் உள்ளன. வெண்ணிறத்தால் ஏமாந்து இட்ட பெயர் அது. அங்கிருப்பது சுண்ணக்கட்டி அன்று, மேக்னசைட் என்னும் மெக்னீசியம் கார்பனேட். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகியோர் 1864இல் வெளியிட்ட நூல் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் நிலவியலை விளக்குகிறது. பல்லாவரத்துக் கற்கருவியால் தொல்லியலில் நிலைத்த பெயர் ஃபூட்டுடையது. அவர் தம் தொழிலால் நிலவியலாளர் என்பதை நாம் சற்று மறந்துவிடுகிறோம்.

தூய மேக்னசைட்டில் எடைக்கு 29 விழுக்காடு அளவுக்கு மெக்னீசியம் உண்டு. ஆயினும் சேலத்துத் தாது உலோகமாகும் வாய்ப்பை அரிதாகவே பெற்றது. சூளையில் சுட்டு, எஃகு உலைகளின் உட்புறம் பதிக்கும் வெப்பந்தாங்கு செங்கற்களாகவே அது பெரிதும் போயிற்று. 1979இல் மாநில அரசு நிறுவிய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனமும் அவ்வழியே சென்றது. தாது இருப்பதால் தொழில்நுட்பம் தானே வந்துவிடாது என்பதற்குச் சேலம் ஒரு சான்று. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்ள நேரும்.

காரைக்குடியும் உலோக முனையும்

சாந்தோமுக்கு வடக்கே, மெரினாவிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் குடியரசுத் துணைத்தலைவராக இருந்தபோது, 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. நாள் 1948 ஜூலை 25. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்திராவிட்டால் அந்நிறுவனம் அவ்வூருக்கு வந்திராது. அதன் சென்னைப் பிரிவு இன்று தரமணியில், அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் வளாகத்தில் இயங்குகிறது.

உருகிய மெக்னீசியம் குளோரைடை மின்னாற்பகுத்து உலோகம் பிரிப்பது காரைக்குடியின் ஆய்வுப் பொருள்களுள் ஒன்று. மெக்னீசிய மின்கலங்கள் மற்றொன்று. அக்கலங்களின் பின்னணியைச் சுருக்கமாகக் காண்பது நன்று. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் நீர்மூழ்கிக் குண்டுகளுக்காக மெக்னீசியமும் வெள்ளிக் குளோரைடும் இணைந்த மின்கலத்தை வளர்த்தனர். உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கடல்நீர் புகுந்த கணமே உயிர்பெறும். சில நிமிடங்கள் பெரும் ஆற்றலைக் கொட்டிவிட்டு முடியும். வெள்ளிக்கு மாற்றாகக் குப்ரஸ் குளோரைடைக் கொண்ட மலிவான வடிவம், வானிலை பலூன்களில் ஏறிச் செல்லும் கருவிகளுக்குப் பயன்பட்டது. இவ்வகைக் கலங்களைத் தமிழில் 'காப்புநிலை மின்கலங்கள்' எனலாம்.

காரைக்குடி ஆய்வாளர்கள் 1990களில் வெளியிட்ட கட்டுரைகளின் பொருளைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆர். உதயன், என். முனியாண்டி, பி. பி. மாத்தூர் ஆகியோர் 1992இல் எழுதியது, மின்கலக் கரைசல்களில் மெக்னீசியமும் அதன் கலப்புலோகங்களும் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதைப் பற்றியது. உதயனும் டி. பி. பட்டும் 1994இல் மெக்னீசியம் – ஈயக் குளோரைடு காப்புநிலைக் கலத்தையும், 1996இல் மீண்டும் அரிப்பையும் ஆராய்ந்தனர். தகடு எவ்வளவு வேகமாகக் கரையும், பயனின்றி எவ்வளவு ஹைட்ரஜனாக வீணாகும், மின்னழுத்தம் எழச் சற்று ஏன் தாமதமாகிறது என்னும் வினாக்களே அவர்களை ஆட்கொண்டன. புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரிலுள்ள ஹை எனர்ஜி பேட்டரிஸ் நிறுவனம் கடற்படைக்காக மெக்னீசியம் – வெள்ளிக் குளோரைடு மின்கலங்களைச் செய்து வருவதும் இம்மரபின் தொடர்ச்சியே.

இங்கே குறைகாண்பது என் நோக்கமன்று. ஒருமுறை இயங்கி முடியும் கலத்துக்கு விருந்தோம்பும் மறுமுனை தேவையில்லை. வெள்ளிக் குளோரைடு வெள்ளியாக மாறிவிட்டால் போதும். அது திரும்ப வேண்டியதில்லை. பாதுகாப்புத் துறையும் வானிலைத் துறையும் கேட்டது அத்தகைய கலத்தையே. கேட்டது கொடுக்கப்பட்டது. கேட்கப்படாத மறுமுனை ஆய்வாளரின் மேசைக்கு வரவில்லை. அறிவியல் வரலாற்றில் 'ஏன் இங்கு நிகழவில்லை' என்னும் வினாவுக்கு அறிவுக்குறை, பணக்குறை என்று விடை தேடுவது நம் வழக்கம். மெக்னீசியத்தைப் பொறுத்தவரை முதல் விடை, எவர் எதைக் கேட்டனர் என்பதிலேயே கிடைக்கிறது.

நேர், எதிர்: ஒரு சொற்சிக்கல்

மேலே செல்லுமுன் கலைச்சொல் ஒன்றில் சற்று நிற்க வேண்டியுள்ளது. ஃபாரடே 1834இல் வழக்குக்குக் கொண்டுவந்த ஆனோடு, கேத்தோடு என்னும் சொற்கள் மின்னூட்டக் குறியைச் சுட்டுவன அல்ல. ஆக்சிஜனேற்றம் நிகழும் இடம் முன்னது, ஒடுக்கம் நிகழும் இடம் பின்னது. தமிழ்நாட்டுப் பாடநூல் மரபு இவற்றை நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று பெயர்த்தது. மின்னாற்பகுப்பைக் கற்பிக்கும்வரை இப்பெயர்ப்பு பொருந்தும். மின்கலத்துக்கு வந்ததும் தலைகீழாகிவிடும். கரையும் மெக்னீசியத் தகட்டில் ஆக்சிஜனேற்றம் நிகழ்வதால் அது ஆனோடு. ஆனால் அதன் குறியோ எதிர்! நேர்மின்வாயின் குறி எதிர் என்று வகுப்பறையில் சொல்லிப் பார்த்த ஆசிரியர்க்கு இதன் இடர் தெரியும். மீளேற்ற மின்கலத்தில் சிக்கல் இருமடங்காகிறது. மின்னேற்றும்போது இரு முனைகளும் தம் வேதித்தொழிலை மாற்றிக்கொள்கின்றன. குறி மட்டும் மாறுவதில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்த்தே எழுதி இத்தொல்லையிலிருந்து தப்பின. சேலத்தில் 1916இல் இராஜாஜியும் நண்பர்களும் தொடங்கிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தின் காலந்தொட்டே ஒலிபெயர்ப்பா, மொழிபெயர்ப்பா என்னும் வழக்கு நடந்து வருகிறது. வெண்குன்றுகளின் அடிவாரத்திலேயே அறிவியல் தமிழின் சொல்லாக்கப் பணி தொடங்கியது தற்செயலே, ஆயினும் நினைக்கத்தக்கது. ஒலிபெயர்ப்புக்குப் பொதுவாக உடன்படாத எனக்கும், இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து வழியே பிழையற்றது என்று தோன்றுகிறது. இக்கட்டுரை அவ்விரு பெயர்களையும் தவிர்த்து, உலோக முனை, ஏற்கும் முனை என்று தொழிலால் பெயரிட்டு வழங்குகிறது.

அடுக்குகள் வந்த வழி

ஏற்கும் முனையின் வரலாறு லித்தியத்திலிருந்து தொடங்குகிறது. எக்சான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டேனியம் டைசல்பைடை ஏற்கும் முனையாகக் கொண்ட லித்திய மின்கலத்தை 1976இல் விளக்கினார். அச்சேர்மம் சீட்டுக்கட்டுப் போன்றது. ஒவ்வொரு சீட்டும் கந்தகம் – டைட்டேனியம் – கந்தகம் எனப் பிணைந்த உறுதியான தாள். தாளுக்கும் தாளுக்கும் இடையே வலுக்குறைந்த ஈர்ப்பு மட்டுமே உண்டு. அவ்விடைவெளியில் லித்திய அயனி நுழையும், வெளிவரும், தாள்கள் குலைவதில்லை. இதுவே இடைச்செருகல். 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் விட்டிங்காமும் ஒருவர்.

லித்தியத்துக்கு வாய்த்தது மெக்னீசியத்துக்கும் வாய்க்கும் என்றே பலரும் எண்ணினர். எண்ணியதில் நியாயமும் இருந்தது. மெக்னீசிய அயனியின் ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம், லித்திய அயனியின் ஆரம் 0.76. நுழைய வேண்டியது சற்றுச் சிறியதே. ஒரு மெக்னீசிய அணு இரண்டு எலக்ட்ரான்களைத் தரும். ஒரு கன சென்டிமீட்டர் மெக்னீசிய உலோகத்தின் கொள்திறன் ஏறத்தாழ 3,830 மில்லி ஆம்பியர் மணி. லித்தியத்துக்கோ 2,060 அளவே. எடைக்கணக்கில் லித்தியமே மேல் என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். மின்னழுத்தத்திலும் மெக்னீசியம் சுமார் 0.7 வோல்ட் பின்தங்கியது. ஆயினும் மலிவு, மிகுதி, ஊசிபோல் வளர்ந்து கலத்தைத் துளைக்கும் படிவுகள் லித்தியத்தில் போல் எளிதில் தோன்றாமை என மெக்னீசியத்தின் பக்கம் சொல்லத்தக்கன பல.

1990இல் கிரெகரி, ஹாஃப்மன், வின்டர்டன் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை, நீரற்ற கரைசல்களில் மெக்னீசியம் படிந்து கரைவதையும், பல ஆக்சைடு, சல்பைடுகள் அதை ஏற்கும் திறனையும் ஒருங்கே சோதித்தது. அவர்கள் பணியாற்றிய டவ் கெமிக்கல் நிறுவனமே 1941இல் டெக்சாஸின் ஃப்ரீபோர்ட்டில் கடல்நீரிலிருந்து மெக்னீசியத்தைப் பிரிக்கத் தொடங்கியது. கடலில் எடுத்த உலோகத்துக்குச் சந்தை தேடிய நிறுவனம் மீளேற்ற மின்கலத்திலும் ஈடுபட்டதில் வியப்பில்லை. கேட்பவர் யார் என்னும் வினாவின் மறுபக்கம் இங்கே தெரிகிறது.

சோதனைகளின் முடிவோ ஊக்கமளிப்பதாக இல்லை. லித்தியம் ஓடி விளையாடிய அடுக்குகளுள் மெக்னீசியம் நகரவே மறுத்தது. காரணம் அளவன்று, மின்னூட்டம். இரட்டை மின்னூட்டங்கொண்ட சிறிய அயனி, சுற்றியுள்ள ஆக்சிஜன், கந்தக அணுக்களால் வலுவாக ஈர்க்கப்படுகிறது. ஓரிடத்தில் அமர்ந்தால் அடுத்த இடத்துக்குத் தாவ மிகுந்த ஆற்றல் வேண்டும். அதற்குமுன் வேறொரு தடையும் உண்டு. கரைசலில் அயனியைப் போர்த்தியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகளையும் குளோரைடையும் களைந்தாலொழிய இடைவெளிக்குள் புக முடியாது. வாயிலில் செருப்பைக் கழற்றுவதே கடினம். உள்ளே நடப்பது அதனினும் கடினம்.

2000ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்து டோரன் ஆர்பக்கும் குழுவினரும் இத்தடையைக் கடந்த முதல் முன்மாதிரியை வெளியிட்டனர். இரண்டாயிரம் சுற்றுகளுக்கு மேல் அக்கலம் தாங்கியது. ஆனால் அதன் ஏற்கும் முனை அடுக்குப் பொருள் அன்று. செவ்ரெல் எனப்படும் அச்சேர்மத்தில் ஆறு மாலிப்டினம் அணுக்கள் ஒரு கொத்தாக அமைந்து, வரும் மின்னூட்டத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் மெக்னீசியம் எளிதில் நகர்கிறது. மின்னழுத்தம் 1.1 வோல்ட் அளவே. வேலை செய்யும், ஆனால் லித்தியத்தோடு போட்டியிடாது. இந்த நிறைவின்மைதான் ஆய்வாளரை மீண்டும் அடுக்குகளிடம் திருப்பியது.

அதே காலத்தில் இந்தியாவிலும் ஒரு கிளை முளைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கிரீஷ் குமாரும் முனிச்சந்திரையாவும் 1999, 2000 ஆண்டுகளில் கூழ்நிலைப் பலபடி மின்பகுளியில் மெக்னீசியம் மீள்தன்மையுடன் இயங்குவதையும், மாங்கனீசு டையாக்சைடுடன் சேர்ந்த திண்மநிலைக் கலத்தையும் ஆராய்ந்தனர். மின்பகுளி மையமாக இருந்த ஆய்வு அது.

நீரின் மூன்று முகங்கள்

இவ்வரலாற்றில் நீர் வகிக்கும் இடம் தனியே நோக்கத்தக்கது. காரைக்குடி ஆராய்ந்த காப்புநிலைக் கலத்துக்கு நீரே உயிர். அதே நீர் மீளேற்றக் கலத்துக்கு நஞ்சு. மெக்னீசிய உலோகத்தின் மேல் ஹைட்ராக்சைடு, ஆக்சைடுப் படலம் படிந்து, அயனி ஊடுருவ முடியாத மூடியாகிவிடும். லித்தியத்தின் மேல் தோன்றும் படலம் அயனியை விடுவது. மெக்னீசியத்தின் மேல் தோன்றுவது விடாதது. இவ்வொரு வேறுபாடு துறையின் போக்கையே தீர்மானித்தது எனலாம்.

மூன்றாம் முகம் எதிர்பாராதது. வனேடியம் பென்டாக்சைடின் அடுக்குகளிடையே நீர் மூலக்கூறுகள் தங்கியிருந்தால் மெக்னீசியம் எளிதாக இயங்குகிறது. நீர் அயனியைச் சூழ்ந்து அதன் மின்னூட்டத்தைத் திரையிட, அடுக்கின் ஆக்சிஜன் அதை இறுகப் பற்றுவதில்லை. கோபாலகிருஷ்ணன் சாய் கௌதமும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணிப்பாய்வு, நீர் கொண்ட வனேடியம் ஆக்சைடில் மெக்னீசியம் நுழையும்போது நீரின் பங்கு என்ன என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. சாய் கௌதம் இன்று இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றுகிறார். ஆக, ஏற்கும் முனைக்கு வேண்டியது நீர். உலோக முனைக்கு ஆகாதது நீர். ஒரே கலத்துக்குள் இரண்டையும் எப்படி வைப்பது? இன்றுவரை முழு விடை இல்லாத வினா இது.

இடைவெளியை அகற்றுதல்

நீருக்குப் பதில் வேறொன்றை இடையில் வைத்தால் என்ன என்பதே அடுத்த பத்தாண்டின் சிந்தனை. 2011இல் சீனாவின் நான்கை பல்கலைக்கழகத்தினர் மாலிப்டினம் டைசல்பைடை கிராஃபீன் போன்ற மெல்லிய தாள்களாக்கி, நானோ மெக்னீசியத் துகள்களுக்கு எதிரே வைத்தனர். 1.8 வோல்ட் மின்னழுத்தமும் கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணிக் கொள்திறனும் கிடைத்ததாக அறிவித்தனர். கட்டாகக் கிடந்த சீட்டுகளைப் பிரித்து உதறுவது முதல் உத்தி.

இரண்டாவது, சீட்டுகளைப் பிரிக்காமலே இடைவெளியை விரிப்பது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் யான் யாவ் குழுவினர் 2015இல் பாலிஎத்திலீன் ஆக்சைடு என்னும் பலபடியை மாலிப்டினம் டைசல்பைடின் அடுக்குகளிடையே செருகி, 0.62 நானோமீட்டராக இருந்த அடுக்கிடைத் தொலைவை 1.45 வரை உயர்த்தினர். மெக்னீசியம் பரவும் வேகம் நூறு மடங்கு அளவுக்குக் கூடியது. முன்பு ஏறக்குறையச் செயலற்றுக் கிடந்த பொருள், தன் கோட்பாட்டுக் கொள்திறனை நெருங்கியது. வேதியியலை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் மாற்றிப் பெற்ற பயன் இது. துறையின் திருப்புமுனை எதுவென்று என்னைக் கேட்டால் இக்கட்டுரையையே சுட்டுவேன்.

அக்குழுவினரே 2017இல் மேலும் ஒரு படி சென்றனர். வாயிலில் களைவதுதான் கடினம் என்றால், களையாமலே உள்ளே வரட்டும் என்று விட்டனர். டைட்டேனியம் டைசல்பைடின் அடுக்குகளைப் பெரிய கரிம அயனிகளைத் தூண்போல நிறுத்தி விரித்து, ஒரு குளோரைடைச் சுமந்த மெக்னீசிய அயனியையே நேராக ஏற்கச் செய்தனர். அதன் மின்னூட்டம் இரண்டன்று, ஒன்று. எனவே இயக்கம் விரைவு. 60 பாகை செல்சியசில் கிராமுக்கு 400 மில்லி ஆம்பியர் மணி வரை கொள்திறன் கிடைத்தது.

இவ்வெண்ணைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். அது டைட்டேனியம் டைசல்பைடின் எடையை மட்டும் கொண்டு கணக்கிட்டது. குளோரைடும் உள்ளே போவதால், அதைத் தர வேண்டிய மின்பகுளியும் நிறையத் தேவைப்படும்; முழுக் கலத்தின் எடையில் வகுத்தால் எண் வெகுவாகச் சுருங்கும். மேலும் மெக்னீசியம் தரும் இரண்டு எலக்ட்ரான்களே அதன் சிறப்பு என்று தொடங்கிய ஆய்வு, ஒற்றை மின்னூட்ட அயனியில் வந்து நிற்கிறது. கட்டுரையாசிரியர்கள் அளவீட்டு அடிப்படையை மறைக்கவில்லை. செய்தியாக வரும்போதுதான் அத்தொடர் உதிர்ந்துவிடுகிறது.

குளோரைடைச் சுமக்காத வழியும் முயலப்பட்டது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழுவினர் 2016இல், விரிக்கப்படாத அடுக்குநிலை டைட்டேனியம் டைசல்பைடே 60 பாகை வெப்பநிலையில் மெக்னீசியத்தை ஏற்று விடும் என்று காட்டினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் விட்டிங்காம் கையாண்ட அதே சேர்மம்! அறை வெப்பநிலையில் அது தயங்குகிறது என்பதே குறை. எம்க்சீன் எனப்படும் டைட்டேனியம் கார்பைடுத் தாள்களும் தனித்த நிலையில் மெக்னீசியத்தை ஏற்கத் தயங்குகின்றன. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் கரிம அயனியை முன்னதாகவே செருகிவைத்தால் ஏற்கத் தொடங்குகின்றன என்பது 2018இல் தெரியவந்தது. எல்லா வழிகளும் இடைவெளியை நோக்கியே செல்கின்றன.

விரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. அடுக்குகளை அகற்ற அகற்ற, அதே எடைப் பொருள் கூடுதல் இடத்தை அடைக்கும். கன அளவுக் கொள்திறனுக்காகத் தேடிய மெக்னீசியத்தின் ஆதாயத்தை ஏற்கும் முனையின் பருமன் தின்றுவிடக்கூடும். எவ்வளவு விரிவு போதும் என்பதே இப்போது வடிவமைப்பாளர் முன்னுள்ள கணக்கு.

மண்ணும் முனையும்

இனித் தமிழகத்துக்குத் திரும்பலாம். மேலே பெயர் சொன்ன சேர்மங்களின் தனிமங்கள் இம்மண்ணுக்கு அயலானவை அல்ல. மாலிப்டினம் டைசல்பைடு இயற்கையில் மாலிப்டினைட்டாகத் தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டுள்ளது. டைட்டேனியத்தின் தாதுவாகிய இல்மனைட், குமரி மாவட்ட மணவாளக்குறிச்சியின் கருமணலில் உள்ளது. அடுக்குப் பொருள்களுள் மூத்ததாகிய கிராஃபைட், காரைக்குடி அமைந்துள்ள சிவகங்கை மாவட்டத்திலேயே வெட்டியெடுக்கப்படுகிறது. ஆய்வு நிறுவனமும் அடுக்குப் பொருளின் சுரங்கமும் ஒரே மாவட்டத்தில்! ஆனால் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் மெக்னீசியம் தனித்து எளிதில் நுழைவதில்லை. தகுந்த கரைப்பான் மூலக்கூறு துணைக்கு வந்தால்தான் நுழையும்.

இப்பட்டியலைக் கொண்டு பெருமிதம் கொள்ளுவது எளிது; சேலத்தின் கதை அதற்கு எதிரான எச்சரிக்கை. மேக்னசைட் செங்கல்லாயிற்று. அரூர் மாலிப்டினைட் பெரிய அளவில் வெட்டப்படவில்லை. மின்வாய்க்குத் தேவைப்படுவது தாது அன்று. தூய்மையும் அடுக்கின் ஒழுங்கும் இடைவெளியின் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதன் மதிப்பில் மண்ணின் பங்கு மிகச் சிறியது, ஆய்வகத்தின் பங்கு மிகப் பெரியது.

காரைக்குடியின் பழைய ஆய்வு இதனால் வழக்கற்றுப்போகிறதா? இல்லை என்றே கருதுகிறேன். மெக்னீசியத்தின் மேல் படலம் எவ்வாறு தோன்றுகிறது, எந்தக் கலப்புலோகத்தில் எப்படி உடைகிறது என்று 1990களில் அங்கே அளந்தவை நீர்க்கரைசல்களுக்கு உரியவை; அவற்றை நீரற்ற கரைசலுக்கு அப்படியே எடுத்துச்செல்ல இயலாது. ஆனால் ஏற்கும் முனையின் அடுக்குகளில் நீரை அனுமதிக்க விரும்பும் இன்றைய ஆய்வாளருக்கு, அந்நீர் கசிந்து உலோக முனையை அடைந்தால் நேர்வது என்ன என்னும் வினா எழுந்தே தீரும். அதற்கான தொடக்கத் தரவுகள் அப்பழைய கட்டுரைகளில் உள. ஏற்கும் முனையைப் பற்றிய அண்மைக் கட்டுரைகளை வாசித்துச் செல்கையில், இக்காப்புநிலைக் கல ஆய்வுகள் மேற்கோளாக வரும் இடங்களை நான் அரிதாகவே கண்டேன். இரு மரபுகளும் வெவ்வேறு இதழ்களில், வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்டன. ஒன்று அரிப்பியல் எனவும் மற்றொன்று பொருளறிவியல் எனவும் நூலகத்தில் வெவ்வேறு அடுக்குகளில் அமர்ந்தன.

சாந்தோம் கரையில் உப்புநீர் விளக்கு எரியுமாயின், அதில் கரையும் தகடு பழைய மரபுக்கு உரியது. அத்தகட்டை மீட்டெடுக்கும் கலத்தில் கடல்நீருக்கு இடமில்லை. அது மூடி முத்திரையிட்ட பெட்டியாகவே இருக்கும். அதனுள் அடுக்குகளுக்கிடையே எஞ்சும் நீர் எவ்வளவு இருக்கலாம் என்பதை இனிமேல்தான் அளக்க வேண்டும்.